அஞ்சலி எண் 213

அத்தியாயம் 9

டீக்கடை டிவியில் என் தம்பி, அன்று நான் பார்க்க நான்காவது தடவையாக, கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

நாற்பத்து மூன்று விநாடி. தோளில் ஒரு பை. பாதி ஏறியதும் ஒரு தடவை கீழே திரும்பிப் பார்ப்பான். பிறகு உச்சிக்குப் போய் கட்டிங் பிளேயரை எடுத்து கேமரா ஒயரில் வைப்பான். அத்தோடு படம் நின்றுவிடும். அடியில் மஞ்சள் எழுத்தில் 'கேமராவையே திருட வந்த கில்லாடி!' என்று ஓடும். பின்னணியில் உடுக்கைச் சத்தம். அந்தச் சத்தத்தைச் சேர்த்தவன் ஏதோ தின்றுகொண்டேதான் சேர்த்திருப்பான் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

திருவொற்றியூர் லோக்கல் சேனல் இதைப் பதினோரு நாளாக அரை மணிக்கொரு தடவை போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா தெகிரியம் பார் கஸ்மாலத்துக்கு" என்றார் டீக்கடைக்காரர், வடையைத் திருப்பிப் போட்டபடி. நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"வடை கருகுது, அத்தப் பாரு நைனா" என்றார் அஃப்ரித். "படத்துல நடிக்கறவன அப்பால திட்டலாம்."

அஃப்ரித் காசிமேட்டுக்காரர். முப்பத்தைந்து வயது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் சிசிடிவி மாட்டுவது தொழில். மீதி நேரத்தில் ரெஜினா மேடத்தின் உதவியாளர். ரெஜினா மேடம் ராயபுரம். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைத் துப்பறிந்தவர். இப்போது விபத்தில் சிக்கியவர்களுக்காக அதே வேலையைச் செய்கிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாறுகிறது என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

என் தம்பி பீம்ராவ் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேமரா மெக்கானிக். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை ஷிஃப்ட். மே பத்தொன்பதாம் தேதி இரண்டு மணிக்கு அவன் அட்டை தேய்த்து வெளியே போனதாகவும், மூன்றரைக்கு மேல் சுவரேறிக் குதித்து வந்து, பதினான்காம் எண் கேமராவைக் கழற்ற ஏறி, விழுந்ததாகவும் யார்டு சொன்னது. படத்தின் மூலையில் 15:38 என்று நேரம் இருந்தது. அரசு மருத்துவமனைக்கு அவனைக் கொண்டு வந்தபோது மணி நாலேகால். அப்போது உயிர் இருந்தது. நாலு ஐம்பதுக்குப் போய்விட்டது.

அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு நான் அவனுக்குப் போன் செய்திருந்தேன். வேறு யாரோ எடுத்து, "மேல வேலையா கீறான் தங்கச்சி, எறங்குனதும் பேசச் சொல்றேன்" என்றார். ஷிஃப்ட் நேரம்தானே என்று வைத்துவிட்டேன். போய்ச் சாப்பிட்டேன்.

அவன் மகள் மதி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். இன்னும் நாலு நாளில் பள்ளி திறக்கிறது. அவள் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் யாரோ இந்தப் படத்தைப் போட, பதினேழு பேர் சிரிக்கும் முகம் வைத்திருந்தார்கள். "நான் ஸ்கூலுக்குப் போகல அத்தை" என்றாள் அவள். அழக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் நான் ரெஜினா மேடத்தின் கதவைத் தட்டினேன். திருடன் என்ற சொல் அவன் மேலிருந்து போக வேண்டும். பள்ளி திறப்பதற்குள் போக வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அஃப்ரித்தான். கம்பத்துக்குப் பின்னால், தூரத்தில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. புகை வலது பக்கம், கடலைப் பார்த்துப் போகிறது. எங்கள் பக்கம் மே மாதத்தில் காலையில்தான் காற்று கடலை நோக்கிப் போகும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பி வந்து, புகையையும் சாம்பலையும் ஊர்ப்பக்கம் தள்ளும். "மூணே முக்காலுக்கு அந்தப் புகை எங்க மாமியா வூட்டு கொடில காயற துணி மேல குந்திகினு இருக்கணும் மேடம். இது காலைலதான் எடுத்தது. மூலைல கீற நம்பரை மாத்தறதுக்கு எனக்கு ஒரு டீ குடிக்கற நேரம் போதும்" என்றார்.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அசல் பதிவு எங்கே என்று கேட்டதற்கு, யார்டின் ஹார்ட் டிஸ்க் மின்கசிவில் எரிந்துவிட்டதாம். புகையைக் காட்டினோம். "அன்னிக்குக் கடல்காத்து லேட்டா வந்திருக்கும். காத்தக் கூண்டுல ஏத்தி சாட்சி கேப்பீங்களா?" என்று எழுத்தர் சிரித்தார். பல் குத்திய குச்சியால் எங்கள் மனுவை ஓரமாகத் தள்ளினார். நான் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தொட மனம் வரவில்லை.

அதனால்தான் அன்று, மே முப்பதாம் தேதி காலை பத்தரைக்கு, டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். படத்தைப் போடுகிற சேனல்காரரைப் போய்ப் பார்ப்பது என்று திட்டம். ஆனால் ரெஜினா மேடம் எழவில்லை. தம்பி ஏறி முடித்ததும் திரையில் அஞ்சலிப் படங்கள் வரத் தொடங்கியிருந்தன.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். யாராவது இறந்தால் லோக்கல் சேனலில் போட்டோவோடு அஞ்சலி வரும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தினமும் ஓடும். இடது பக்கம் இறந்தவர். வலது பக்கம் அஞ்சலி செலுத்துகிறவர். இந்தச் சேனலில் பாதிக்கு மேல் வலது பக்கம் ஒரே ஆள்தான்: வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கைகள், 'கண்ணீருடன் எத்திராஜ், லேபர் கான்ட்ராக்டர்.'

"செத்தவங்க போட்டோ தம்மாத்தூண்டு. இவுரு போட்டோ அண்டா சைஸு" என்றார் அஃப்ரித். "பாக்கறவனுக்கு யார் பூட்டாங்கன்னே கொயப்பமா கீது."

"இவர்தானே அந்த யார்டுக்கு ஆள் அனுப்பறவர்?" என்று ரெஜினா மேடம் என்னைக் கேட்டார்.

"ஆமாம். பீம்ராவும் அவர் ஆள்தான்."

"உங்க தம்பிக்கு அஞ்சலி போட்டாரா?"

"திருடனுக்கு யார் போடுவாங்க மேடம்."

"சரி, அந்த மூலையில பாருங்க. சின்னதா நம்பர்."

பார்த்தேன். ஒவ்வொரு அஞ்சலிக்கும் கீழ் மூலையில் வரிசை எண் இருந்தது. 209. 210. 211. அடுத்து வந்தது 212: தனபாக்கியம் அம்மாள், வயது 81, மறைவு மே 18 இரவு, இறுதி ஊர்வலம் 19ஆம் தேதி நடைபெற்றது, காரியம் ஜூன் 2. அதற்கு அடுத்து ஒரு ஆட்டோ ஓட்டுநர், மறைவு மே 19 இரவு. எண் 214.

"நடுவுல ஒண்ணு எங்க?" என்றேன்.

"அதான் எனக்கும் வேணும்." ரெஜினா மேடம் டம்ளரை வைத்தார். "212 பதினெட்டாம் தேதி ராத்திரிச் சாவு. 214 பத்தொன்பதாம் தேதி ராத்திரிச் சாவு. நடுவுல, பத்தொன்பதாம் தேதி பகல்ல, ஒருத்தருக்கு அஞ்சலி வந்திருக்கு. பதினாறு நாள் ஓட வேண்டியது ஓடல. யாரோ எடுத்துட்டாங்க. செத்தவங்க திரும்பி வந்தாத்தான் அஞ்சலிய எடுப்பாங்க."

அஃப்ரித் கையிலிருந்த வடையைக் காகிதத்தோடு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கெளம்பலாம் மேடம்."

* * *

சேனல் இருந்தது மிக்ஸி, கிரைண்டர் விற்கும் ஒரு கடையின் மாடியில். ஏசி அறை. ஈரச் சாக்கு வாடையும், நேற்றைய பிரியாணி வாடையும், எலிப்புழுக்கை வாடையும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சுவர் முழுக்கக் கருவிகள் சூடாக மூச்சு விட்டன. இந்த அறையிலிருந்துதான் நாலாயிரம் வீடுகளுக்கு என் தம்பி திருடனாகப் போனான்.

உரிமையாளர் முப்பிடாதி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மடியில் முறுக்குப் பொட்டலம்.

"வாங்க, இரிங்க. என்ன, பொறந்தநாள் வாழ்த்தா, கண்ணீர் அஞ்சலியா?" என்றார்.

"213" என்றார் ரெஜினா மேடம்.

முறுக்கு வாய்க்குப் போகும் வழியில் ஒரு கணம் நின்றது. பிறகு போனது. "அது வந்து… பதிமூணு ராசியில்லாத நம்பரு பாத்துக்கிடுங்க. நாங்க போடுதது இல்ல."

"அப்ப நூத்திப் பதிமூணு?"

"அதுவும் விட்டாச்சு."

"அண்ணாச்சி, உங்க சேனலே பாக்ஸ்ல 913லதான வருது?" என்றார் அஃப்ரித். "ராசியில்லாத நம்பர்ல குந்திகினு எங்களுக்கு பீலா வுடறீங்களே."

முப்பிடாதி முறுக்கை மென்றார். அந்தச் சத்தம் எனக்கு உடுக்கைச் சத்தத்தை நினைவூட்டியது. "இந்தம்மா யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"கேமராவையே திருட வந்த கில்லாடிக்கு அக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பார்த்தார். "எனக்கு என்னம்மா தெரியும்? குடுக்காவ, போடுதேன். 213ன்னு ஒண்ணு இருந்திச்சுன்னே வையுங்க. இப்ப இல்ல. கம்ப்யூட்டரு போன வாரம் மக்கர் பண்ணி எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்துனோம். வேணும்னா நீங்களே தேடிக்கிடுங்க."

அஃப்ரித் கால் மணி நேரம் தேடினார். இல்லை. பதினோரு மணி ஆனது. எதிரிலிருந்த மானிட்டரில் என் தம்பி மறுபடி ஏறத் தொடங்கினான். அதே அறையில், அவனை ஏற்றிவிடும் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. வாய்க்குள் கசப்பு ஊறியது. ஜன்னல் எங்கே என்று தேடினேன்.

அப்போதுதான் அஃப்ரித் சிரித்தார். அறைக்கோடியில், சாமி படத்துக்குக் கீழே, தூசிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு நீல விளக்கு மினுக்கியது.

"இது கீதா இன்னும்? மேடம், இத மாட்டினது நான்தான். ரெண்டு வருசம் முன்னாடி." அவர் தரையில் உட்கார்ந்து தூசியை ஊதினார். "லோக்கல் சேனல்காரங்க போட்டதையெல்லாம் ரெக்கார்டு பண்ணி தொண்ணூறு நாள் வெச்சிருக்கணும்னு ரூல். அண்ணாச்சிக்கு அதுக்குன்னு மெஷின் வாங்க மனசு வரல. கடைக்கு மாட்ற சிசிடிவி பெட்டி ஒண்ணை, கேமராவுக்கு பதிலா சேனல் லைன சொருகி மாட்டச் சொன்னாரு. அதுலயும் சின்ன டிஸ்க்கு. மாட்டினவன் நான் மறந்துட்டேன், மாட்டச் சொன்னவரும் மறந்துட்டாரு. அது பாட்டுக்கு எழுதிகினே கீது."

"அதுல எத்தனை நாள் இருக்கும்?"

"பதினோரு நாள். அதுக்கு மேல பழசத் துன்னுட்டு அந்த எடத்துலயே புதுசா எழுதும்." திரையை எழுப்பிப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "மேடம்… மிச்சம் கீறதுல ரொம்பப் பழசு மே பத்தொன்பது, பத்து அம்பத்தெட்டு. இப்ப மணி பதினொண்ணு மூணு. இது துன்னுகினே வருது."

"நிறுத்துங்க."

"இந்தா, யாரக் கேட்டு என் சாமானத் தொடுதீங்க?" என்று முப்பிடாதி எழுந்தார்.

"பாஸ்வேர்டு கேக்குது" என்றார் அஃப்ரித். பிறகு என்னைப் பார்த்து, "கவலப்படாதக்கா. நான் வெச்ச பாஸ்வேர்டு. அத மாத்தற அளவுக்கு அண்ணாச்சி சுறுசுறுப்பு கெடையாது."

விளக்கு மினுக்குவது நின்றது. முப்பிடாதி போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். யாருக்கு என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ரெஜினா மேடம் தடுக்கவில்லை. "வரட்டும்" என்றார்.

பதினோரு நாளுக்கு முந்தைய காலை ஓடத் தொடங்கியது. ஒரு பழைய பாட்டு. நகைக்கடை விளம்பரம். சமையல் எண்ணெய் விளம்பரம். அன்று அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாவு அரைத்துக்கொண்டிருந்திருப்பேன். மூலையில் 11:20. அஞ்சலிகள் தொடங்கின. 210. 211. 212, தனபாக்கியம் அம்மாள்.

11:22. எண் 213.

மஞ்சள் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் என் தம்பி. அடையாள அட்டைக்காக எடுத்த படம். அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. 'பீம்ராவ், வயது 38. பணியின்போது அகால மரணம். மறைவு 19.05.' வலது பக்கம் கும்பிட்ட கைகள்.

நான் 'பணியின்போது' என்ற சொல்லைப் படித்தேன். மறுபடி படித்தேன். எனக்கு வேண்டியிருந்த சொல் அதுதான். அது அன்று காலையிலேயே நாலாயிரம் வீடுகளுக்குப் போயிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது.

"மூணு முப்பத்தெட்டுக்கு ஏறின ஆளுக்குப் பதினொண்ணு இருபத்திரண்டுக்கே அஞ்சலி" என்றார் ரெஜினா மேடம்.

* * *

எத்திராஜுக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. ஏற்கெனவே நாறிக்கொண்டிருந்த அறையில் அது மேலே போய்ப் படிந்தது. டிவியில் பார்த்த அதே சட்டை. கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"நீதான் பீம்ராவ் அக்காவா? வணக்கம் தங்கச்சி. எனக்கும் மனசு ஆறல. ஒழுங்கா வேல செய்யற புள்ள, எங்கயோ புத்தி கெட்டுப்போச்சு. ஒரு அஞ்சலி போடலாம்னுதான் நெனச்சேன். திருடனுக்குப் போட்டா ஊரு இன்னா சொல்லும், நீயே சொல்லு."

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

"நெனைக்கல சார். போட்டுட்டீங்க" என்று ரெஜினா மேடம் திரையைக் காட்டினார்.

எத்திராஜ் பார்த்தார். கும்பிட்ட கை பிரிந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"கடியாரம் ராங்கு" என்றார். "இந்த ரூம்ல எந்தக் கடியாரம் ஒயுங்கா ஓடுது? அவன் பூட்டப்பால, சாய்ங்காலம் எங்க ஆபீஸ்ல யாரோ தெரியாம அனுப்பி இருப்பாங்க. மேட்டரு தெரிஞ்சதும் எடுக்கச் சொல்லிட்டேன். அவ்ளோதான். நீங்க எங்காளு படத்துல டைம் பொய்யின்றீங்க. நான் உங்க படத்துல டைம் பொய்யின்றேன். கணக்கு சரியாப் போச்சா?"

"நியாயம்தான்" என்றார் ரெஜினா மேடம். "கடிகாரம் வேண்டாம். அஃப்ரித், அத மறைச்சிடுங்க."

அஃப்ரித் சட்டைப் பையிலிருந்து வடைக் காகிதத்தை எடுத்து, எண்ணெய்ப் பக்கம் ஒட்டும்படி திரையின் மூலையில் அப்பினார். நேரம் மறைந்தது. "டைம் பூட்ச்சு மேடம். வடை வாசனதான் கீது."

"இதுக்கு முன்னாடி ஓடினதைக் காட்டுங்க."

212. தனபாக்கியம் அம்மாள். நாங்கள் டீக்கடையில் பார்த்த அதே முகம், அதே கும்பிட்ட கைகள். ஒரு வரி மட்டும் வேறு. ரெஜினா மேடம் அதை உரக்கப் படித்தார்.

"'இறுதி ஊர்வலம் இன்று பகல் 12 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும்.' அண்ணாச்சி, ஊர்வலம் முடிஞ்சதும் இந்த வரிய மாத்திடுவீங்க, இல்ல?"

"ஆமா, உடனே 'நடைபெற்றது'ன்னு மாத்திருவோம். இல்லாட்டி ஆளுங்க மாலையோட போய் நின்னுட்டு வந்து என்னய ஏசுவாவ." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று முப்பிடாதிக்கு உறைத்தது.

"அப்ப இது ஓடும்போது அந்தம்மா இன்னும் வீட்டுலதான் இருக்காங்க. மணி பன்னிரண்டு ஆகல. அடுத்த படம் பீம்ராவ். சொல்லுங்க சார், அந்தம்மா ஊர்வலமே புறப்படாதபோது உங்க ஆபீஸுக்கு பீம்ராவ் விஷயம் எப்படித் தெரிஞ்சது?"

எத்திராஜ் நெற்றியைத் துடைத்தார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் சொல்றேன்" என்றார் ரெஜினா மேடம். "காலைல பெல்ட் இல்லாம ஏத்தி விட்டாங்க. விழுந்துட்டார். யார்டுலேருந்து உங்க ஆபீஸுக்கு, ஆள் போயிட்டார்னு போன். நம்ம ஆள் யார் செத்தாலும் ஒரு மணி நேரத்துல உங்க முகத்தோட அஞ்சலி போகணும்னு ஆபீஸுக்கு நிரந்தர உத்தரவு. அவங்க யோசிக்கல, பழக்கத்துல அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் யார்டுக்காரங்களும் நீங்களும் கதைய மாத்த முடிவு பண்ணீங்க. இல்லையா?"

"தே, வார்த்தைய அளந்து பேசு. இந்தாளு பண்ண வேல இது!" எத்திராஜ் விரல் முப்பிடாதியைக் காட்டியது. "கேபிள்காரன் கம்ப்யூட்டர்ல இன்னா வேணா செய்வான். எங்க ஆபீஸ்லேருந்து ஒண்ணும் வரல. இவனே ஜோடிச்சி வெச்சிகினு உங்களாண்ட ஆட்டம் காட்றான். ஸ்டேஷன்லயும் அதான் சொல்வேன்."

எத்திராஜ் வந்ததிலிருந்து முப்பிடாதி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. இப்போது எழுந்தார். மடியிலிருந்த முறுக்கு தரையில் சிதறியது.

"என் தலையில கெட்டாதேயும்வே!" என்றார். "நீரு சொன்னீரு, போட்டேன். நீரு சொன்னீரு, எடுத்தேன். உம்ம குரலு இந்தா இருக்கு இதுல. நான் அழிக்கல."

போனைத் தேய்த்து, ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டு மேசையில் வைத்தார். மே 19, 11:48. அதே குரல், போனின் சின்ன ஸ்பீக்கரில், எரிச்சலோடு வந்தது:

"அண்ணாச்சி, அந்த பீம்ராவ் போட்டோவத் தூக்கு. ஆபீஸ்ல அவசரப்பட்டு அனுப்பிட்டாளுங்க. ஆளு இன்னும் போவல. மூச்சு கீது. அப்பால சொல்றேன்."

ரெஜினா மேடம் எதையாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரும் எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கதையை மாற்றியதற்குத்தான் அவர் வந்திருந்தார். இதற்கு வரவில்லை.

"பதினொண்ணு நாப்பத்தெட்டுக்கு மூச்சு இருந்திருக்கு" என்றார் ரெஜினா மேடம் கடைசியில், மெல்ல. "ஆஸ்பத்திரிக்கு வந்தது நாலேகாலுக்கு."

நாலரை மணி நேரம். இரண்டு மணிக்கு யாரோ அவன் அட்டையைத் தேய்த்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில் குனிந்து, அவன் கழுத்திலிருந்தே எடுத்திருப்பார்கள். மூச்சு இருக்கிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்திருப்பார்கள். நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். நின்றபாடில்லை. அப்புறம்தான் வண்டி.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது அதை இல்லை. நேரில் பிடிபடாத அந்தக் குரல், போன் வழியாக வந்ததும் பிடிபட்டுவிட்டது. 'மேல வேலையா கீறான் தங்கச்சி, எறங்குனதும் பேசச் சொல்றேன்.'

பதினொன்றரை ஆகியிருந்தது. எதிர் மானிட்டரில் உடுக்கை ஒலித்தது. பீம்ராவ் பையோடு ஏறத் தொடங்கினான். பாதி ஏறித் திரும்பிக் கீழே பார்த்தான். இத்தனை நாளும், யாராவது வருகிறார்களா என்று நோட்டம் விடுவதாக ஊர் அதைப் படித்தது. இப்போது அது எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. கீழே நிற்கிற யாரிடமோ எதையோ கேட்கிறான். பெல்ட்டாக இருக்கும். 'சும்மா ஏறு' என்றிருப்பார்கள். ஏறினான்.

முப்பிடாதி நடந்து போய் எதையோ தட்டினார். படம் அந்தத் திரும்பிய முகத்தோடு நின்றது. பிறகு அஃப்ரித்தைப் பார்த்து, "அந்தப் பெட்டி லைன இதுல சொருகுடே" என்றார். அஃப்ரித் வடைக் காகிதத்தைப் பிய்த்தெடுத்துவிட்டு ஒயரை மாற்றினார்.

திரையில் 213 வந்தது. இந்தத் தடவை மூலையில் தேதியோடும் நேரத்தோடும். மே 19, 11:22. மஞ்சள் ஹெல்மெட். 'பணியின்போது.' நாலாயிரம் வீடுகள். எங்கள் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். மதியின் போனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: 'சேனல் போடு.'

எத்திராஜின் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"பன்னிரண்டு நாற்பதுக்கு" என்றேன். "என் தம்பி போனை எடுத்தது நீங்கதானே?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தை அவருடைய கைகள் தானாகச் செய்தன. மேலே வந்து, சேர்ந்து, நெஞ்சுக்கு முன்னால் குவிந்தன. அவர் தலைக்குப் பின்னால் திரையிலும் அதே கைகள், அதே மோதிரங்கள், என் தம்பியின் முகத்துக்குப் பக்கத்தில்.

"கையக் கீழ போடுங்க" என்றேன்.